மெம்பர் லிஸ்ட் யார் கையில இருக்கு?

சந்தாவை சம்பளத்துல பிடிக்க வேணாம், பழையபடி கையில வாங்குவோம்னு நான் சொல்ல ஆரம்பிச்சதுலேருந்து எங்க யூனியன்ல என்னை ஒரு மாதிரிதான் பார்க்கறாங்க. பொருளாளர் நேராவே கேட்டுட்டார், "ஏம்பா, தேடி வர்ற மகாலட்சுமியை வாசல்லயே நிறுத்தி விலாசம் கேக்கறியா?"ன்னு. அவர் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. செக் ஆஃப் (கம்பெனியே சம்பளத்துல சந்தாவைப் பிடிச்சு அனுப்பறது) வந்ததுக்கு அப்புறம்தான் எங்க கணக்குல காசுன்னு ஒண்ணு நிக்குது, வக்கீல் ஃபீஸ் கடன் சொல்லாம குடுக்கறோம், ஆபீஸ் ரூம் வாடகை தேதிக்குப் போகுது. அதுக்கு முன்னாடி சம்பளம் போட்ட மறுநாள் ரசீது புக்கைத் தூக்கிட்டு டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா அலையணும், ஒருத்தன் அடுத்த வாரம்பான், ஒருத்தன் டீ வாங்கிக் குடுத்தே அனுப்பிடுவான், வசூல் பண்ணவர் பாக்கெட்டுக்கும் யூனியன் பெட்டிக்கும் நடுவுல கொஞ்சம் காணாமப் போகும். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். போன ஊதிய ஒப்பந்தத்துக்கு நாங்க நடத்துன பாலட்ல, அதான் ரகசிய ஓட்டெடுப்புல, பார்த்த விஷயம் மண்டைக்குள்ள உக்காந்துட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது, அதான் இதை எழுதறேன்.

கம்பெனி பேரு வேணாம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஆட்டோ பார்ட்ஸ் பண்ற ஒரு மீடியம் சைஸ் யூனிட், அவ்வளவு போதும். மூணு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சு, பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, கடைசியா மேனேஜ்மென்ட் ஒரு டிராஃப்ட் குடுத்துச்சு. சம்பள உயர்வு சுமார், ஆனா ப்ரொடக்‌ஷன் அளவுல (நார்ம்ஸ்ம்போம்) கை வைக்கறாங்க, அதைக் கூட்டப் பார்க்கறாங்க. எங்க சங்க விதிப்படி ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மெம்பர்ங்ககிட்ட ரகசிய வாக்கெடுப்பு நடத்தணும், சந்தா பாக்கி இல்லாதவங்களுக்கு மட்டும் ஓட்டு. விதி இருந்துச்சே தவிர ரொம்ப காலமா யாரும் அப்படி நடத்தல. கேட் மீட்டிங்ல தலைவர் பேசுவார், கடைசில "சம்மதம்னா கை தூக்குங்க தோழர்களே"ம்பார், தூக்குவாங்க, முடிஞ்சுது. இந்த தடவை பசங்க விடல. கேட்டுக்கு மேல கேமரா மாட்டியிருக்கான், அதுக்குக் கீழ நின்னு எவன் கை தூக்குவான்னு கேட்டாங்க. சரியான கேள்விதான். அப்ப பெட்டி வெச்சு ஓட்டு. ஓட்டுன்னா வாக்காளர் பட்டியல் வேணும், பட்டியல்னா எக்செல் தெரிஞ்ச ஆளு வேணும், ஸ்டோர்ஸ்ல உக்காந்திருக்கற நான்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தேன்.

நாலு செல்வம்

மெம்பர் லிஸ்ட் எங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொன்னாங்க. பீரோவுல பழைய பெரிய ரிஜிஸ்டர் ஒண்ணு இருந்துச்சு, 2015 டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்சு பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கிச்சு, பாதி பேரு வெறும் நீலக் கறை. அதுக்கப்புறம் புது ரிஜிஸ்டர் ஆரம்பிச்சிருக்காங்க, கொஞ்ச வருஷத்துலயே எழுதறது நின்னுருக்கு, ஏன்னா அப்பதான் செக் ஆஃப் வந்துச்சு. அப்புறம் வருஷா வருஷம் பதிவாளருக்கு அனுப்புன ரிட்டர்ன் காப்பிங்க. 1926 தொழிற்சங்கச் சட்டத்துல அது கட்டாயமா இருந்துச்சு, டிசம்பர் 31 வரைக்குமான கணக்கு, வருஷ ஆரம்பத்துல எத்தனை மெம்பர், சேர்ந்தது எத்தனை, விலகுனது எத்தனைன்னு அதுல காட்டணும். எங்க காப்பிகளை வரிசையா அடுக்கிப் பார்த்தா பல வருஷமா யாரும் விலகவே இல்ல, ரிட்டையர் ஆகல, சாகவும் இல்ல. இவ்வளவு ஆரோக்கியமான சங்கம் மெட்ராஸ்லயே இருக்காது. கடைசியா வாட்ஸ்அப் குரூப். வேலையை விட்டுட்டு சொந்தமா ஆட்டோ ஓட்டறவன் கூட அதுல தினம் குட்மார்னிங் போட்டுட்டு இருக்கான்.

உருப்படியா இருந்த ஒரே லிஸ்ட் எச்ஆர்ல இருந்துச்சு. எந்த மாசம் யார் சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்கன்னு அவங்க கம்ப்யூட்டர்ல சுத்தமா இருக்கு. எங்களுக்கு வர்றது மொத்தத் தொகைக்கு ஒரு செக். ஆரம்பத்துல செக்கோட பேர் லிஸ்ட்டும் வந்துட்டிருந்துச்சாம், ஒரு கட்டத்துல நின்னு போச்சு, இவங்களும் கேக்கல, பணம்தான் கரெக்டா வருதே. என்னை முதல்ல உறுத்துனது இதுதான். மேனேஜ்மென்ட் குடுத்த டிராஃப்ட்டை ஏத்துக்கலாமா வேணாமான்னு ஓட்டு நடத்தப் போறோம், அதுல யாருக்கெல்லாம் ஓட்டு இருக்குன்னு அதே மேனேஜ்மென்ட்டைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். சட்டப்படி இதுல தப்பு ஒண்ணும் கிடையாது, தொழிலாளி எழுதிக் குடுத்தா சங்கச் சந்தாவை சம்பளத்துல பிடிச்சுக்கலாம்னு ஊதியப் பட்டுவாடா சட்டத்துலயே இடம் இருந்துச்சு. நாமதான் பணம் பிடிக்கற வேலையோட சேர்த்து லிஸ்ட்டையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்.

லெட்டர் குடுத்து, ரெண்டு தடவை ஞாபகப்படுத்தி, ஒரு வழியா பிரிண்ட் அவுட் வந்துச்சு. அதுல செல்வம் மட்டும் நாலு பேர், அதுல ரெண்டு பேருக்கு ஒரே இனிஷியல். ஷாப் ஃப்ளோர்ல யாரும் அவங்களை அப்படிக் கூப்பிடறது கிடையாது, ஒருத்தர் வெல்டிங் செல்வம், இன்னொருத்தர் வெறும் மிலிட்டரி, அவர் நிஜப் பேரு செல்வம்ங்கறதே அவர் லைன்ல பாதி பேருக்குத் தெரியாது. ஆதார் வந்ததுலேருந்து இனிஷியல் எல்லாம் விரிஞ்சு அப்பா பேரு சிலருக்கு முன்னாடியும் சிலருக்குப் பின்னாடியும் போய் உக்காந்துருச்சு. ஈஎஸ்ஐ கார்டுல ஒரு ஸ்பெல்லிங், பிஎஃப்ல வேற, யூனியன் ரசீதுல தமிழ்ல வேற மாதிரி. எக்செல்ல ஃபார்முலா போட்டு மேட்ச் பண்ணா பாதிக்கு மேல சிவப்பா நிக்குது. கடைசில டோக்கன் நம்பரை வெச்சுதான் பிடிச்சேன், அதுலயும் ஒரகடம் பிளான்ட்டுக்கு டிரான்ஸ்பர் ஆனவங்களுக்கு நம்பர் மாறியிருக்கு, பிரிண்ட் அவுட்ல இன்னும் இங்கதான் இருக்காங்க. விலாசம் அதை விட மோசம். பழைய நம்பர் புது நம்பர் குழப்பம் ஒரு பக்கம், வாடகை வீடு மாத்திக்கிட்டே இருக்கறவங்க ஒரு பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர் விலாசத்தைக் குடுத்துட்டு கொரட்டூர்ல நாலு பேரோட ரூம்ல இருக்கற பசங்க ஒரு பக்கம். நல்ல வேளை தபால் ஓட்டு கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

இல்லாத சிக்னல் பாக்ஸ்

அந்த நல்ல வேளை பிரிட்டன்காரனுக்கு இருந்ததில்ல. அங்க ஸ்ட்ரைக் பண்ணணும்னா மெம்பரோட வீட்டுக்கு ஓட்டுச் சீட்டு தபால்ல போகணும், தபால்லயே திரும்பி வரணும்னு பல வருஷமா விதி இருந்துச்சு, சங்கம் மெம்பர்ங்களோட பேரையும் விலாசத்தையும் பதிவேட்டுல முடிஞ்ச வரைக்கும் சரியா வெச்சிருக்கணும்னு 1992 சட்டம் சொல்லுது. 2016ல இன்னொரு சட்டம் போட்டு, ஓட்டு உள்ளவங்கள்ல பாதி பேராவது ஓட்டு போட்டிருந்தாதான் செல்லும்னு ஆக்குனாங்க. இதோட அர்த்தம் எங்க ரிஜிஸ்டரைப் பார்த்துட்டு இருந்த எனக்கு உடனே புரிஞ்சுது. செத்தவன், ரிட்டையர் ஆனவன், வீடு மாறிப்போனவன் எல்லாம் லிஸ்ட்ல இருந்தா, அவங்க எல்லாம் ஓட்டு போடாதவங்க கணக்குல விழுவாங்க. சங்கத்தோட பழைய மெம்பரே சங்கத்துக்கு எதிரா நிப்பான், அவனுக்கே தெரியாம.

2009 டிசம்பர்ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் கேபின் க்ரூ விஷயத்துல நடந்ததைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. யுனைட் சங்கம், ஓட்டு உள்ளவங்கள்ல 80 சதவீதம் பேர் ஓட்டு போட்டு, அதுல 90 சதவீதத்துக்கும் மேல ஸ்ட்ரைக்குக்கு சம்மதம், கிறிஸ்துமஸ் சமயத்துல 12 நாள்னு அறிவிச்சாச்சு. கோர்ட் தடை போட்டுருச்சு. காரணம், விருப்ப ஓய்வு வாங்கிட்டு ஸ்ட்ரைக்குக்கு முன்னாடியே வெளிய போகப் போறவங்களுக்கும் ஓட்டுச் சீட்டு போயிருக்கு. அவங்க ஓட்டு எல்லாத்தையும் கழிச்சாலும் முடிவு மாறாது, அது வேற விஷயம். எனக்கு உறைச்சது என்னன்னா, யார் எந்தத் தேதியில வெளிய போறாங்கங்கற விவரம் முழுசா இருக்கற இடம் கம்பெனி. லிஸ்ட் தப்புன்னு கோர்ட்டுக்குப் போனதும் அதே கம்பெனி. அடுத்த வருஷம் ஏப்ரல்ல ரயில்வே சிக்னல்காரங்க ஸ்ட்ரைக்கும் அப்படித்தான் நின்னுச்சு, ஆர்எம்டிங்கற ரயில் சங்கத்தோட பாலட்ல இல்லவே இல்லாத சிக்னல் பாக்ஸ் (சிக்னல் கேபின்) எல்லாம் இருக்குன்னு அங்க தண்டவாளத்தைப் பார்த்துக்கற நெட்வொர்க் ரயில் கோர்ட்ல காட்டுச்சு. 2011ல அப்பீல் கோர்ட் கொஞ்சம் இறங்கி வந்து, தெரியாம நடந்த சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் பாலட்டையே தூக்கிப் போட முடியாதுங்கற மாதிரி தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா அந்தப் பயம் இன்னும் போயிருக்காதுன்னுதான் தோணுது.

51ன்னா எதுல 51?

இங்க கதை வேற. ஸ்ட்ரைக்குக்கு பாலட் நடத்தியே ஆகணும்னு 1926 சட்டத்துல இருந்ததில்ல, அது அந்தந்தச் சங்கத்தோட விதி. இங்க லிஸ்ட் கேள்வி வேற ஒரு வாசல் வழியா வருது, யாரோட பேசறதுங்கற வாசல். 1918 ஏப்ரல் 27ல பெரம்பூர்ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சப்ப பதிவு பண்ணக்கூட சட்டம் இல்ல, பின்னி மில் முதலாளிங்க சங்கத் தலைவர் வாடியா மேலயே ஹைகோர்ட்ல கேஸ் போட்டாங்க, அந்தச் சூட்டுலதான் 1926 சட்டம் வந்துச்சு. அதுவும் பதிவு பண்ண வழி சொல்லுச்சே தவிர, முதலாளி இந்தச் சங்கத்தை அங்கீகரிச்சே ஆகணும்னு சொல்லல. தமிழ்நாட்டுல அதுக்குத் தனிச் சட்டமும் வரல. அதனால கேட்ல எவ்வளவு பேர் நிக்கறாங்களோ அதுதான் அங்கீகாரம்னு இருந்துச்சு. பதிவுக்கே என்ன பாடுங்கறதை 2024ல சுங்குவார்சத்திரம் சாம்சங்ல பார்த்தோம், 37 நாள் ஸ்ட்ரைக் முடிஞ்சு, சங்கம் பதிவாக அடுத்த வருஷம் ஜனவரி ஆச்சு. ரயில்வேல 2007, 2013, அப்புறம் 2024 டிசம்பர்னு ரகசிய ஓட்டு வெச்சு அங்கீகாரம் குடுக்கறாங்க. அங்க வாக்காளர் பட்டியல் ரயில்வேயோட ஊழியர் பட்டியல்தான், எந்தச் சங்கத்து மெம்பர்ங்கற கேள்வியே வராது.

இப்ப 2025 நவம்பர் 21லேருந்து தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தாச்சு. ஒண்ணுக்கு மேல சங்கம் இருந்தா, மஸ்டர் ரோல்ல, அதான் ஆள் வருகைப் பதிவேட்டுல, இருக்கற தொழிலாளிகள்ல 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்து பக்கம் இருக்காங்களோ அந்தச் சங்கம் மட்டும் மேனேஜ்மென்ட்டோட பேசும். யாருக்கும் அது இல்லன்னா, 20 சதவீதமாவது உள்ள சங்கங்க சேர்ந்து ஒரு கவுன்சில். எங்க யூனிட்ல இன்னொரு சங்கமும் இருக்கு, அதனால இது எங்களுக்கு நேரடி விஷயம். எல்லாரும் 51 வருமா வருமான்னு கேக்கறாங்க, எதுல 51ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. எங்க லைன்ல நிக்கறவங்கள்ல பெர்மனென்ட் பாதி கூட இல்ல. காண்ட்ராக்ட் ஆளுங்க காண்ட்ராக்டரோட மஸ்டர் ரோல்ல இருக்காங்க. 1947 தொழில் தகராறுச் சட்டத்துல அப்ரண்டிஸும் தொழிலாளியாத்தான் இருந்தான், புதுத் தொகுப்புல அப்ரண்டிஸை வெளிய எடுத்துட்டாங்க. ஒரே மெஷின், ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன் சாம்பார், ஆனா கணக்குக்கு வர்றப்ப கொஞ்ச பேர்தான் ஆளு. அந்த மஸ்டர் ரோலை எழுதறது யாருன்னு சொல்ல வேண்டியதில்ல.

பேரு மட்டும் வேணாம்ணா

சரி, பாலட்டுக்கு வர்றேன். எச்ஆர் பிரிண்ட் அவுட்டை மட்டும் நம்ப முடியாதுன்னு ஆனதும், செக் ஆஃப்ல வராம கையில சந்தா குடுக்கறவங்க யாராவது இருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். இருந்தாங்க, கொஞ்ச பேர். பெயின்ட் ஷாப்ல ஒரு வயசான தோழர் இன்னும் பழைய பழக்கத்துல அஞ்சாறு பேர்கிட்ட மாசாமாசம் வாங்கி, ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதி வெச்சு, மொத்தமா பொருளாளர்கிட்ட குடுத்துட்டு இருந்தார். நோட்டுல பேரு இல்ல. ஒரு வரியில "சின்னவன்", அடுத்ததுல "ஹெல்மெட்", இன்னொண்ணுல வெறும் ஒரு புள்ளி. என்ன தோழர் இதுன்னு கேட்டதுக்கு, நீயே நேர்ல கேட்டுக்கோன்னு பி ஷிஃப்ட் விட்டதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கம் டீக்கடைக்கு வரச் சொன்னார்.

வந்தவன் அந்தப் புள்ளி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். காண்ட்ராக்ட்ல இருந்து ப்ரொபேஷனுக்கு எடுத்திருக்காங்க, கன்ஃபர்மேஷன் லெட்டர் வரணும், அதுக்கு சூப்பர்வைசர் ரிப்போர்ட் போகணும். ஒரு வருஷமா ஒரு மாசம் தவறாம சந்தா குடுக்கறான். "ரசீது எழுதித் தர்றேன், ஃபார்ம்ல கையெழுத்து போடு, ஓட்டு லிஸ்ட்ல சேர்த்துடறேன்"னேன். அவன் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, "பேரு மட்டும் வேணாம்ணா"ன்னான். "சந்தா வாங்கிக்கோங்க. இன்னும் பத்து ரூபா சேர்த்து வேணாலும் தர்றேன். புக்குல என் பேரு வரக்கூடாது. ஆனா ஓட்டு அன்னைக்கு எனக்கு ஒரு சீட்டு குடுங்கணா, இந்த நார்ம்ஸ் வந்தா முதல்ல சாகறது எங்க லைன்தான்." லிஸ்ட் யூனியனை விட்டு வெளிய போகாதுப்பான்னு சொன்னேன். "மெம்பர் யார் வேணா லிஸ்ட்டைப் பார்க்கலாம்னு சட்டம் இருக்காமேணா? நம்ம மெம்பர்ல மேனேஜ்மென்ட் ஆளே கிடையாதா?"ன்னான். எங்கிட்ட பதில் இல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கு, கணக்குப் புத்தகத்தையும் மெம்பர் பட்டியலையும் மெம்பர் பார்க்கலாம், தலைவருங்க தில்லுமுல்லு பண்ணக்கூடாதுன்னு வெச்ச நல்ல விதி. அவன் அதோட இன்னொரு முனையில நிக்கறான். அந்தத் தோழர் நடுவுல ஒரு வார்த்தை பேசல, அவன்கிட்ட காசை மட்டும் வாங்கிட்டு நோட்டை எடுத்து ஒரு டிக் போட்டுக்கிட்டார்.

இதை நான் செயற்குழுவுல வெச்சேன். பேரு சொல்லாமத்தான். ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடுச்சு. ஃபார்மை சீல் போட்ட கவர்ல பொருளாளர் வீட்டுல வைக்கலாம், லிஸ்ட்ல நம்பர் மட்டும் போடலாம், சீட்டைத் தனியா வாங்கி எண்ணலாம்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பெயின்ட் ஷாப் தோழர், காசு குடுக்கறவனுக்கு ஓட்டு இல்லன்னா அந்தக் காசுக்கு என்ன பேருன்னு கேட்டார். அப்ப அசெம்ப்ளி கிளைச் செயலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பையன் ஒருத்தன் பேரில்லாம ஓட்டு போடுவான், நாளைக்கு எனக்குப் பிடிக்காத ஒருத்தன் பொறுப்புக்கு வந்து பேரில்லாத ஐம்பது பேரைக் கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?" ரூம்ல சத்தமே இல்ல. ஏன்னா அது நடக்காத விஷயம் இல்ல, மெம்பர் எண்ணிக்கையை ஊதிக் காட்டறதுல எந்தச் சங்கமும் சளைச்சது இல்ல, நம்ம ரிட்டர்ன் காப்பிங்களை நானே பார்த்தேனே. வேணாம்னு முடிவாச்சு. நானும் கடைசில வேணாம்னுதான் கை தூக்கினேன், இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். பேரில்லாத ஓட்டு ஒண்ணு பெட்டியில விழுந்துச்சுன்னா தோத்த கோஷ்டி மொத்த எண்ணிக்கையையும் செல்லாதுன்னு சொல்லும், சொல்றதுல தப்பும் இருக்காது.

மூணு ஷிஃப்ட்டுக்கும் பெட்டி வெச்சோம். மிலிட்டரி ஒருத்தர் மட்டும் பிரிண்ட் அவுட்ல டோக்கன் நம்பர் ஒரு எண் தப்பா இருந்ததுக்காக அரை மணி நேரம் கத்துனார், பழைய ரசீது காட்டுனதும் சீட்டு குடுத்தோம். டிராஃப்ட் தோத்துச்சு, கொஞ்ச வித்தியாசத்துல. மறுபடி பேசி, நார்ம்ஸைக் கொஞ்சம் இறக்கி, லேபர் டிபார்ட்மென்ட்ல, சமரச அதிகாரி முன்னாடி போடற 12(3) ஒப்பந்தமா கையெழுத்தாச்சு. மேனேஜ்மென்ட் பக்கம் ஒருத்தர் உங்க லிஸ்ட்டே சரியில்லையேன்னு இழுத்துப் பார்த்தார். நீங்க குடுத்த லிஸ்ட்தான் சார்னு தலைவர் சொன்னதும் பேச்சு மாறிடுச்சு.

இதுக்கும் செக் ஆஃபுக்கும் என்ன சம்பந்தம்னு பொருளாளர் இன்னும் கேக்கறார். நான் சொல்றது இவ்வளவுதான். அந்தப் பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு இப்படி ஒரு பயம் இருக்கு, அந்த லைன்ல நார்ம்ஸ் அவ்வளவு கடிக்குதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சதே ஒரு வயசான மனுஷன் மாசாமாசம் நாப்பது பக்க நோட்டைத் தூக்கிட்டு அலைஞ்சதாலதான். எச்ஆர் பிரிண்ட் அவுட்ல அவன் புள்ளியாக்கூட இல்ல. கையில வாங்குனா பணம் குறையும், நிச்சயமா குறையும், வசூல்ல திருட்டும் இருக்கும், வாங்கப் போறவன் ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் நிக்கணும். ஆனா யார் ஒரகடம் போனான், யார் வீடு மாறினான், எவன் சந்தா குடுக்கறப்ப மூஞ்சியைத் திருப்பிக்கறான்னு தெரியும். சந்தா குடுக்க மாட்டேன்னு சொல்றவன்கிட்ட ஏன்னு ஒரு தடவையாவது கேக்க வேண்டி வரும். செக் ஆஃப்ல இருக்கறவன் எங்க மேல எவ்வளவு கடுப்புல இருந்தாலும் அவன் பணம் அமைதியா வந்துட்டே இருக்கும், பாலட் அன்னைக்குத்தான் தெரியும். பெரிய யூனிட்ல முடியாதும்பாங்க. முடியாமலும் போகலாம். ரெண்டு டிபார்ட்மென்ட்லயாவது ட்ரை பண்ணுவோம்னு தீர்மானம் குடுத்தேன், பெயின்ட் ஷாப்புக்கும் ஸ்டோர்ஸுக்கும் மட்டும் ஒத்துக்கிட்டாங்க, ஸ்டோர்ஸ்ல இருக்கறதே எட்டு பேரு.

அந்தப் பையனுக்கு போன மாசம் கன்ஃபர்மேஷன் வந்துச்சு. சந்தோஷமா ஸ்வீட் பாக்ஸோட ஆபீஸுக்கு வந்தான், மெம்பர்ஷிப் ஃபார்ம்ல முழுப் பேரு, அப்பா பேரு, டோக்கன் நம்பர் எல்லாம் எழுதினான். எழுதி முடிச்சதும் பொருளாளர் பக்கத்துல இருந்த இன்னொரு ஃபார்மை நீட்டினார், செக் ஆஃப் சம்மதக் கடிதம். அவன் அதைப் படிக்கக்கூட இல்ல, "நல்லதாப் போச்சுணா, இனிமே அந்தப் பெரியவரை அலைய விட வேணாம்"னு கையெழுத்து போட்டுட்டான். அடுத்த பாலட்டுக்கு எச்ஆர் பிரிண்ட் அவுட் வர்றப்ப அவன் இனிஷியல் சரியா இருக்கான்னு பார்க்கணும், அவன் பேரும் செல்வம்தான்.